மொட்டைப் பெட்டிஷனில் தொடங்கும் விசாரணை

அரசு ஊழியரின் பாலீர்ப்பை, அதாவது அவர் தன்பாலினரை விரும்புகிறவரா என்பதைப் பற்றிய விசாரணை அந்தப் பெயரில் வருவதே இல்லை. மொட்டைப் பெட்டிஷனாக வரும், பிறகு ‘அரசு ஊழியருக்கு ஒவ்வாத நடத்தை’ என்று மெமோவாக மாறும். கடலூரில் வேலையென்றால் தமிழ்நாட்டின் 1973 நடத்தை விதிகள், 20(1). முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போய்விட்டால் மத்திய அரசின் 1964 நடத்தை விதிகள், 3ஆம் விதி. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதிய பதில்களை நிறையவே பார்த்தாயிற்று.

முதலில் அறைக்குக் கூப்பிடுவார்கள். “சும்மாதான் கேக்குறேன், அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே?” என்பார் மேலதிகாரி, அன்பாகத்தான். ‘இல்லை’ என்று சொல்லிவிட்டுப் பிறகு ஒரு போட்டோ வெளிவந்தால், பொய் சொன்னதே தனிக் குற்றச்சாட்டாகச் சேரும். ‘ஆமாம்’ என்றால் அது வாக்குமூலமாகக் கோப்பில் ஏறும். “எழுத்துல கொடுங்க சார், எழுத்துல பதில் தர்றேன்” என்பதோடு நிறுத்துவதுதான் புத்தி. செல்போனைத் திறந்து காட்டச் சொன்னாலும் இதே பதில்தான். துறை அதிகாரிக்குச் சோதனை போடும் அதிகாரம் கிடையாது.

அடுத்து, பெட்டிஷனின் நகலைக் கேளுங்கள். பெயர், முகவரி இல்லாத புகார்மீது நடவடிக்கை வேண்டாம் என்பது மத்திய அரசின் அறிவுறுத்தல். புதுச்சேரி ஊழியர் இதைத் தயங்காமல் காட்டலாம். கடலூர்ப் பக்கம் நகல் காவல் நிலையத்துக்கும் போயிருந்தால், தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாதென்று 2022இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் சேர்த்த 24-சி விதி கைகொடுக்கும்.

சஸ்பென்ட் செய்தால் பிழைப்பூதியம் உண்டு. வேறெங்கும் வேலை பார்க்கவில்லை என்ற சான்றைக் கொடுக்காவிட்டால் அது நின்றுவிடும், பெரும்பாலான தாமதம் இங்கேதான். புதுச்சேரியில் 90 நாளுக்குள் சஸ்பென்ஷனை மறுஆய்வு செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் உத்தரவு செல்லாது.

கடலூரில், கடுந்தண்டனைக்கு வழிவைக்கும் 17(பி) விதியின்கீழ் மெமோ வந்தால் பதிலில் ‘வாய்மொழி விசாரணை வேண்டும்’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். அந்த வரி இல்லாவிட்டால் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பே போய்விடலாம். புதுச்சேரியில் மத்திய அரசின் 1965 ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 14ஆம் விதி ஓடும். குற்றச்சாட்டை மறுத்தாலே விசாரணை உண்டு, உதவிக்கு இன்னொரு அரசு ஊழியரை அழைத்துக்கொள்ளலாம். துறைத்தேர்வு விதிகளைக் கரைத்துக் குடித்த சீனியர் ஒருவர் அமைந்தால் வக்கீலைவிட மேல்.

பதிலில் அடையாளத்தை விளக்கிக் கட்டுரை எழுத வேண்டாம். எந்தச் செயல், என்றைக்கு, எங்கே, அலுவலகப் பணியை அது எப்படிப் பாதித்தது என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் அவர்களிடம் பதில் இருக்காது. ஒருபால் உறவு குற்றமல்ல என்ற உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்பை மட்டும் நம்பி நிற்பதும் போதாது. ‘குற்றமென்று சொல்லவில்லை, நடத்தை என்றுதான் சொல்கிறோம்’ என்று துறை நழுவிவிடும். பாலீர்ப்பு அந்தரங்க உரிமையில் அடங்கும் என்ற அதே நீதிமன்றத்தின் 2017 புட்டசாமி தீர்ப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட நேராகப் பொருந்துவது, உத்தரப் பிரதேசத்தின் புலந்த்சஹர் ஊர்க்காவல் படைவீரர் ஒருவரை ஒருபால் உறவுக்காக நீக்கியதை ரத்து செய்து, மறுபடி பணியில் சேர்க்கச் சொன்ன அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் 2021 பிப்ரவரி உத்தரவு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உடன் வேலை செய்பவரை விருப்பமின்றித் தொந்தரவு செய்ததாகப் புகார் இருந்தால், மேலே சொன்ன எதுவும் அதற்குக் கவசமாகாது. அது வேறு விசாரணை. இரண்டையும் ஒரே மெமோவில் கோத்திருந்தால், பிரித்துத் தரும்படி எழுதிக் கேட்க வேண்டும்.

விசாரணை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள். தண்டனை வந்துவிட்டால் புதுச்சேரியில் 45 நாளுக்குள் மேல்முறையீடு, அதன்பின் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. கடலூர்க்காரருக்கும் துறைக்குள் மேல்முறையீடு உண்டு, ஆனால் அந்தத் தீர்ப்பாயம் கிடையாது, அதன்பின் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான். எந்தக் கடிதத்தைக் கொடுத்தாலும் தபால் பிரிவில் முத்திரையும் தேதியும் போட்ட நகலை வாங்காமல் படி இறங்காதீர்கள்.