திரையில் ஊன்றிய கை

கையடக்க விளையாட்டுக் கருவிகளில் நான் ஆடியவற்றுள் இன்றும் எடுத்து ஆடுகிற ஆட்டம் ஒன்று உண்டு. ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் 2005ஆம் ஆண்டு நின்டெண்டோ டிஎஸ் கருவிக்காக வெளியிட்ட ‘டிராமா சென்டர்: அண்டர் த நைஃப்’ என்ற அறுவை சிகிச்சை விளையாட்டுதான் அது. டெரெக் ஸ்டைல்ஸ் என்ற இளம் மருத்துவராக நாம் ஆட வேண்டும்; ஏஞ்சி தாம்ப்சன் என்ற செவிலியர் அடுத்துச் செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொண்டே உடன் வருவார். கதையிலும் எனக்கு ஈடுபாடு உண்டு என்றாலும், ஆடும்போது கை எங்கே இருக்கிறது என்பதே இந்த ஆட்டத்தின் உயிர் என்று நினைக்கிறேன்.

டிஎஸ் கருவியின் இரண்டு திரைகளில் கீழ்த்திரை மட்டுமே தொடுதிரை. இன்றைய கைபேசிகளின் திரை விரலின் மின்தன்மையை உணர்வது. டிஎஸ் திரையோ அழுத்தத்தை உணர்வது. அதன் மேலுள்ள மெல்லிய படலம் ஸ்டைலஸ் பேனாவின் முனைக்கடியில் இம்மியளவு அமுங்குவதைக் கை நன்றாகவே அறியும். அந்த முனைதான் கத்தி, இடுக்கி, தையல் ஊசி, லேசர் எல்லாம். திரையின் இரு ஓரங்களிலும் இருக்கும் சிறு படங்களைத் தொட்டுக் கருவியை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு கட்டியை எடுக்க வேண்டுமானால், அல்ட்ராசவுண்டால் அது மறைந்திருக்கும் இடத்தைக் கண்டு, கத்தியால் திறந்து, உள்ளிருக்கும் திரவத்தை உறிஞ்சி, கட்டியைச் சுற்றி அறுத்து, இடுக்கியால் பிடித்துத் தட்டில் போட்டு, பள்ளமான இடத்தில் செயற்கைச் சவ்வை வைத்து, அதன்மேல் ஆன்டிபயாட்டிக் ஜெல்லைத் தடவிச் சேர்க்க வேண்டும். இந்த வரிசையில் ஒன்றைக்கூட முன்பின் மாற்ற முடியாது. இதற்கிடையே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். நோயாளியின் உயிர்நிலையைக் காட்டும் எண்ணோ 99இலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். ஊசிமருந்து செலுத்தி அதை அவ்வப்போது ஏற்றிவிட வேண்டும்.

என்னை நெடுநாள் நிறுத்தி வைத்தது அனியூரிசம் எனப்படும் இரத்தக்குழாய் வீக்கம். மருந்தைச் செலுத்தி வீக்கத்தைச் சுருக்கி, அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, குழாயின் இரு முனைகளையும் இடுக்கியால் இழுத்துச் சேர்த்துத் தைக்க வேண்டும். நான் ஒன்றைத் தைத்து முடிப்பதற்குள் வேறொன்று வெடித்துவிடும். பல முறை தோற்ற பிறகுதான் என் தவறு புரிந்தது. வேகம் போதவில்லை என்று எண்ணிப் பேனாவை மேலும் மேலும் வேகமாக இழுத்துக்கொண்டிருந்தேன். உண்மையில், மணிக்கட்டைத் திரையின் ஓரத்தில் ஊன்றாமல் கையை அந்தரத்தில் வைத்திருந்ததே என் கோடுகள் வழுவக் காரணம். சுண்டுவிரலைக் கருவியின் விளிம்பில் ஊன்றி ஆடத் தொடங்கிய அன்றே அந்தக் கட்டத்தைத் தாண்டினேன். நுண்ணிய வேலை செய்கிற எவரும் கையை ஊன்றித்தானே செய்கிறார்கள்! எழுதக் கற்ற நாளிலிருந்து எனக்குத் தெரிந்திருந்த ஒன்றை இந்த ஆட்டம் மீண்டும் என் கைக்கு நினைவூட்டியது.

டெரெக்கிடம் ஒரு சிறப்பாற்றலும் உண்டு. திரையில் ஐந்துமுனை நட்சத்திரத்தை வரைந்தால் காலம் மெதுவாகும்; ஓர் அறுவை சிகிச்சையில் ஒருமுறை மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். கோணலாக வரைந்த நட்சத்திரத்தை ஆட்டம் ஏற்பதில்லை. அது எப்போது தேவைப்படும்? எண் சரிந்து, கை நடுங்கத் தொடங்கும் நேரத்தில்தான். காப்பாற்றும் ஆற்றலைப் பெறுவதற்கே முதலில் கையைச் சமன்படுத்தியாக வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதே ஆட்டம் 2006இல் ‘செகண்ட் ஒப்பீனியன்’ என்ற பெயரில், தொலைக்காட்சியோடு இணைத்துக் கைப்பிடியைத் திரையை நோக்கி நீட்டி ஆடும் நின்டெண்டோவின் வீ (Wii) கருவிக்கு வந்தது. கடினத்தின் அளவை ஆடுபவரே தேர்ந்தெடுக்கலாம் என்பது அதில் கிடைத்த பெரிய சலுகை. ஆனால் அங்கே கை காற்றில் நிற்கிறது. கண்ணோ தொலைவிலுள்ள தொலைக்காட்சித் திரையில் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால், இந்த இரண்டு வடிவங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு அறுவை சிகிச்சைக்கூடத்திலேயே இருப்பதுதான். திறந்த அறுவை சிகிச்சையில் மருத்துவரின் கையும் கண்ணும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. லேப்ராஸ்கோப்பி முறையிலோ கை கருவிகளின் பிடியில் இருக்க, கண் ஒரு திரையைப் பார்த்திருக்கும். உடலின் சிறு துளை வழியே செல்லும் கருவி அங்கே நெம்புகோல்போல இயங்குவதால், கை வலப்புறம் போனால் முனை இடப்புறம் போகும். டிஎஸ் வடிவம் முதலாவதற்கு நெருக்கமானது, வீ வடிவம் இரண்டாவதற்கு.

விளையாட்டு உண்மையிலேயே மருத்துவரின் கைக்கு உதவுமா என்று கேட்பவர்கள் 2007இல் ‘ஆர்கைவ்ஸ் ஆஃப் சர்ஜரி’ இதழில் ஜேம்ஸ் ராஸர் குழுவினர் வெளியிட்ட ஆய்வைச் சுட்டுவது வழக்கம். 33 அறுவை மருத்துவர்களை வைத்து நடந்த அந்த ஆய்வில், முன்பு வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வீடியோ கேம் ஆடியிருந்தவர்கள் லேப்ராஸ்கோப்பிப் பயிற்சியில் 37 சதவீதம் குறைவாகத் தவறு செய்தார்கள், 27 சதவீதம் விரைவாக முடித்தார்கள். ஆயினும் அது இந்த ஆட்டத்தைப் பற்றிய ஆய்வு அன்று. மேலும், ஆட்டத்தால் கை தேறியதா, கைத்திறம் உள்ளவர்களே ஆட்டத்தை நாடினார்களா என்பதை அந்த எண்கள் பிரித்துச் சொல்லிவிடாது. இந்த ஆட்டத்தை ஆடி ஒருவர் அறுவை சிகிச்சை கற்றுவிடலாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். மயக்க மருந்து கொடுப்பவரின் பணி இதில் அனேகமாக இல்லை. வயிற்றை மூடுமுன் பஞ்சையும் கருவிகளையும் எண்ணிச் சரிபார்க்கும் கட்டாயமும் இல்லை.

கதையின் பிற்பகுதியில் கில்ட் என்ற செயற்கை ஒட்டுண்ணிகள் வருகின்றன. கிரியாகி முதல் சவாத்தோ வரை அவற்றின் ஏழு வகைகளுக்கும் கிரேக்க மொழியின் கிழமைப் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்பனை அழகுதான். ஆனாலும் உறுப்பைக் கீறிக்கொண்டு ஓடுகிற உயிரியைத் துரத்தி லேசரால் சுடும்போது, என் கையில் இருப்பது மருத்துவரின் கருவிதானா என்ற ஐயம் எனக்கு எழாமல் இருந்ததில்லை. கண்ணாடித் துண்டைக் குத்திய கோட்டிலேயே பின்னோக்கி இழுத்தெடுக்கும் முதல் சில அத்தியாயங்களிலேயே என் மனம் நிற்கிறது.

நான் திரும்பத் திரும்ப ஆடுவதும் அந்த எளிய சிகிச்சைகளைத்தான். எல்லாம் முடிந்தபின் கீறலைக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து, அதன்மேல் ஜெல்லைத் தடவிக் கட்டுப் போட வேண்டும். ஆபத்து நீங்கிவிட்ட அந்தக் கடைசிக் கணங்களில் அவசரப்பட்டுத் தையலைக் கோணலாக்கி மதிப்பெண்ணை இழந்த நாட்கள் எனக்கு நிறையவே உண்டு. இப்போதெல்லாம் கடிகாரத்தில் நேரம் மிச்சமிருந்தால், சுண்டுவிரலை மீண்டும் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு தையலையும் நிதானமாகவே போடுகிறேன்.