வலைப்பூவுக்கு வாசகர் சேர்த்த எட்டு மாத அலைச்சல்

மாடித்தோட்டம் பற்றி நான் எழுதும் வலைப்பூவுக்கு நேற்று ஒரே நாளில் 214 பேர் வந்திருக்கிறார்கள். போன மார்கழியில் இந்த எண் 35-ஐத் தாண்டியதில்லை. நடுவில் ஒரு மாதம் 9, 10 என்று படுத்தேவிட்டது. அந்தப் படுக்கைக்கு நானேதான் காரணம் என்பதால் அதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன். கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாகரில் கணக்குத் தொடங்குவது, டெம்ப்ளேட் மாற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

முதலில் போனது பணம். வாசகர்களைக் கூட்டித் தருவதாகச் சொன்ன ஒரு தம்பிக்கு 4,500 ரூபாய் கொடுத்தேன். "அக்கா, பத்தே நாள்ல பாருங்க, எண்ணிக்கை எங்கயோ போயிடும்" என்றார். போகத்தான் செய்தது. ஆறாம் நாள் பிளாகர் புள்ளிவிவரத்தில் 1,100 பார்வைகள். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம்தான் நாடுகளின் பட்டியலைத் திறந்தேன். பெரும்பகுதி எனக்குச் சம்பந்தமே இல்லாத ஐரோப்பிய நாடுகள். மதுரை வெயிலில் கத்தரிச் செடி வளர்ப்பதைப் பற்றி அங்கே இத்தனை பேர் எதற்குப் படிக்க வேண்டும்? எல்லாம் மனிதர் இல்லாத தானியங்கி வருகைகள். ஒரு பின்னூட்டம் கிடையாது, ஒரு கேள்வி கிடையாது. பணம் கொடுப்பதை நிறுத்தியதும் எண்ணிக்கையும் நின்றது. பிளாகரின் புள்ளிவிவரம் இப்படிப்பட்ட வருகைகளையும் சேர்த்தே எண்ணும் என்பதை அன்றைக்குத்தான் கற்றேன். யாராவது இப்படி எண்ணிக்கை காட்டினால், கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவியில் கிளிக் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். அது தேடலிலிருந்து வந்தவர்களைத் தனியாகக் காட்டும்.

அந்தக் கன்சோலை நான் மூன்று வருடமாகத் திறந்ததே இல்லை. பொங்கல் விடுமுறையில் திறந்தேன். கடந்த 16 மாதங்களில் மக்கள் என்னென்ன தட்டித் தேடியபோது என் பக்கம் கண்ணில் பட்டது என்ற பட்டியல் அதில் இருக்கும். எனக்கு அது பெரிய பாடமாக இருந்தது. "மாவு பூச்சி மருந்து" என்று தேடியவர்களுக்கு என் பதிவு 900 தடவைக்கு மேல் தென்பட்டிருக்கிறது. உள்ளே வந்தவர்கள் நான்கு பேர். பதிவின் தலைப்பைப் பார்த்தேன்: "என் செம்பருத்திக்கு யார் திருநீறு பூசியது?" எழுதிய அன்று எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு. ஆனால் செடி சாகப் போகிறதே என்று பதறிக்கொண்டு தேடுகிற ஒருவருக்கு அதில் ஒன்றுமே இல்லை. பதிவின் உள்ளேயும் அப்படித்தான். தாத்தா வீட்டு முற்றம், அங்கே நின்ற அடுக்குச் செம்பருத்தி என்று ஆறு பத்தி தாண்டித்தான் மருந்து வரும்.

மாற்றி எழுதினேன். தலைப்பு "செம்பருத்தியில் மாவுப்பூச்சி: நான் விரட்டிய விதம்". முதல் பத்தியிலேயே விஷயம்: முதலில் எறும்பைக் கவனியுங்கள், இந்தப் பூச்சியைச் செடி செடியாகக் கொண்டு போய் வளர்ப்பதே அதுதான், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு, வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்புறம் நனையத் தெளிப்பு, வாரம் ஒருமுறை. தாத்தாவைக் கீழே வைத்துக்கொண்டேன். அவரை எடுக்க மனம் வரவில்லை, எடுக்கத் தேவையும் இல்லை. மருந்து கிடைத்த நிம்மதியில் அவரையும் படித்துவிட்டுத்தான் போகிறார்கள், பின்னூட்டத்தில் தெரிகிறது.

இங்கே ஒற்றுப் பிரச்சினை ஒன்று உண்டு. நான் தமிழாசிரியை. "மாவுப்பூச்சி" என்று ப் போட்டுத்தான் எழுதுவேன். தேடுகிறவர்களில் பெரும்பாலோர் "மாவு பூச்சி" என்று பிரித்து, ஒற்றில்லாமல் தட்டுகிறார்கள். கத்தரியும் அப்படித்தான், பாதிப் பேருக்கு அது கத்திரி. பிழையாக எழுத எனக்குக் கை வராது. அதனால் வாசகர்கள் அனுப்பும் கேள்விகளை அவர்கள் எழுதியபடியே மேற்கோள் குறிக்குள் பதிவில் சேர்க்க ஆரம்பித்தேன். "மாவு பூச்சி போக என்ன செய்யலாம் மேடம்?" என்று ஒருவர் கேட்டது அப்படியே கிடக்கும், அதற்குக் கீழே என் தமிழில் பதில். இரண்டு எழுத்தும் பக்கத்தில் இருக்கும், என் மனமும் உறுத்தாது. இந்த ஒரு மாற்றத்தில் மூன்று வாரத்தில் எண்ணிக்கை 35-இலிருந்து 60-க்கு வந்தது.

அதோடு விட்டிருக்க வேண்டும்.

பிளாகரில் தமிழில் தலைப்பு வைத்தால் பதிவின் முகவரியில் தலைப்பு வராது. "பிளாக்-போஸ்ட்" என்றும் பக்கத்தில் ஓர் எண்ணும்தான் வரும். வெளியிடுவதற்கு முன்னால் நிரந்தர இணைப்பு என்ற பெட்டியைத் திறந்து ஆங்கில எழுத்தில் நாமே ஒரு சொல்லைக் கொடுத்தால் முகவரி அழகாக அமையும். நான் மூன்று வருடம் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. முகவரியில் சொல் இருந்தால் நல்லது என்று எங்கோ படித்துவிட்டு, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பதிவாக வரைவுக்கு மாற்றுவது, புது முகவரி கொடுப்பது, திரும்ப வெளியிடுவது. விடிகாலை மூன்றே முக்காலுக்கு 64 பதிவுகள் முடிந்தன. பட்டியல் பார்க்க அத்தனை அழகாக இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

பழைய முகவரிகள் அத்தனையும் அந்த இரவோடு செத்துப்போயின. கூகுள் வைத்திருந்த இணைப்புகள், வாட்ஸ்அப்பில் வாசகர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பியவை, ஒரு பள்ளித் தோட்டக் குழுவின் குறிப்பேட்டில் அச்சாகியிருந்த மூன்று இணைப்புகள் என எதைத் தொட்டாலும் "இந்தப் பக்கம் இல்லை" என்றுதான் வந்தது. எனக்கு இது தெரியவே பத்து நாளானது. அந்தக் குழுவின் ஆசிரியை போன் செய்து, "டீச்சர், பதிவையெல்லாம் எடுத்துட்டீங்களா? பிள்ளைங்க கேக்குறாங்க" என்றபோது எனக்குக் கை நடுங்கியது. கன்சோலைத் திறந்தால் 404, அதாவது பக்கம் கிடைக்கவில்லை என்ற வரிசையில் ஐம்பதுக்கு மேல் முகவரிகள். அன்று வந்தவர்கள் 9 பேர்.

இதற்கு மருந்து உண்டு. பிளாகர் அமைப்புகளில் கஸ்டம் ரீடைரக்ட் என்று ஓர் இடம், பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்குத் திருப்பிவிடும். பழைய முகவரி ஒரு பெட்டியில், புதியது இன்னொன்றில், பெர்மனன்ட் என்ற பொத்தானைப் போட்டுவிட்டுச் சேமிக்க வேண்டும். முழு முகவரியைத் தரக் கூடாது, தளத்தின் பெயருக்குப் பின்னால் சாய்கோட்டில் தொடங்கும் பகுதியை மட்டும்தான் தர வேண்டும். முதல் நாள் முழு முகவரியைக் கொடுத்துக்கொடுத்து ஒரு மாலையே வீணானது. இன்னொரு சிக்கல், பழைய முகவரிகளை நான் எங்கேயும் குறித்து வைக்கவில்லை. வெறும் எண்தானே, எது எந்தப் பதிவு என்று எப்படித் தெரியும்? கன்சோலின் பக்கப் பட்டியல், மகளின் வாட்ஸ்அப், என் பழைய முகநூல் பதிவுகள் எல்லாவற்றையும் தோண்டி ஒரு நோட்டில் எழுதி ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். பங்குனி முழுக்க அந்த வேலைதான். ஏற்கனவே வெளியான பதிவின் முகவரியைத் தயவுசெய்து தொடாதீர்கள். எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அந்த வழியாகத்தான் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். புதிய பதிவுகளுக்கு மட்டும் நல்ல முகவரி வையுங்கள், போதும்.

இதற்கு நடுவில் கன்சோலில் "எம்=1" என்று முடியும் முகவரிகள் திருப்பிவிடப்பட்டதாக ஒரு வரிசையில் கிடந்தன. அதுவும் என் தவறோ என்று இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். அது பிளாகரின் கைபேசி வடிவம், அப்படித்தான் இருக்கும். அதைச் சரிசெய்ய வேண்டியதில்லை.

படங்களைச் சுருக்கியது சட்டென்று முடிந்த வேலை. கைபேசியில் எடுத்த 4 எம்பி படங்களை 150 கேபி அளவுக்குக் கொண்டு வந்தேன், பக்கம் வேகமாகத் திறக்கிறது.

அப்புறம் சொந்தப் பெயர். ஜூன் 27 அன்று ஒரு டொமைன், அதாவது தளத்துக்கென்று தனி முகவரிப் பெயர், வாங்கினேன். இணைப்பது அரை மணி நேர வேலை. ஆனால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ இல்லாமல் தட்டினாலும் அதே இடத்துக்குப் போகும்படி ஒரு பொத்தான் இருப்பதை விட்டுவிட்டேன். விருதுநகரிலிருந்து சித்தி, "என்னடீ, உன் பக்கம் எனக்கு மட்டும் தொறக்க மாட்டேங்குது" என்று சொன்ன பிறகுதான் போட்டேன். இது சின்னது.

பெரியது ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. ஆடிப்பட்டம் தொடங்குவதற்கு முன் திண்டுக்கல்லில் ஒரு விதைப் பகிர்வுக் கூட்டம். சுரை, பீர்க்கு, அவரை என்று 150 சின்ன உறைகளில் போட்டு, ஒவ்வொரு உறையிலும் என் தளத்தின் க்யூஆர் குறியை அச்சிட்டு எடுத்துப் போனேன். முதலில் வாங்கிய பெண் அங்கேயே கைபேசியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் வரலையேக்கா" என்றார். என் கைபேசியிலும் வரவில்லை. டொமைன் வாங்கிய 15 நாட்களுக்குள் மின்னஞ்சலில் வரும் உறுதிப்படுத்தும் இணைப்பை அழுத்தாவிட்டால் பெயரை முடக்கிவிடுவார்கள். டாட் காம் போன்ற பெயர்களுக்கு விதியே அதுதான், எங்கே வாங்கினாலும் இப்படித்தான். பணம் கட்டியது கணவரின் கணக்கில் என்பதால் மின்னஞ்சல் அவருடைய பழைய முகவரிக்குப் போயிருந்தது. அவர் அதைத் திறந்து இரண்டு வருடம் ஆகிறது.

பெயரை விற்ற நிறுவனத்தின் உதவி அரட்டையில், வெயிலில் நின்றுகொண்டு முக்கால் மணி நேரம் பேசினேன். உங்கள் பணம் வந்துவிட்டது மேடம், கவலை வேண்டாம் என்று மூன்று தடவை வந்ததே தவிர, மின்னஞ்சலைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. இரவு வீட்டுக்கு வந்து நானே ஸ்பேம் பெட்டியில் கண்டுபிடித்து அழுத்தினேன். மறுநாள் மாலைதான் தளம் உயிர்பெற்றது. 150 உறைகளில் 130 போய்விட்டன. டொமைன் வாங்கும்போது தினமும் பார்க்கிற மின்னஞ்சலைக் கொடுங்கள், அன்றைக்கே அந்த இணைப்பை அழுத்திவிடுங்கள்.

ஆனால் அந்த உறைகள் முழுக்க வீணாகவில்லை. விதை முளைத்து, பீர்க்கில் பூ உதிரத் தொடங்கியதும் பலர் உறையைத் தேடி எடுத்திருக்கிறார்கள். இந்த ஆவணியில் வந்த கேள்விகளில் பதினேழு அந்த உறை வழியாக வந்தவை. "விதை உங்க கையால வாங்குனதுதான்க்கா, வெறும் ஆண் பூவா வருது" என்று பழனியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அதையே தலைப்புக்குக் கீழே வைத்துப் பதில் எழுதினேன். நேற்று வந்த 214 பேரில் 61 பேர் அந்தப் பதிவுக்குத்தான் வந்தார்கள்.

நோட்டில் இன்னும் ஏழு பழைய முகவரிகள் பாக்கி. எந்தப் பதிவு என்று தெரியவில்லை. உங்கள் வாட்ஸ்அப்பில் என் பழைய இணைப்பு ஏதாவது இருந்தால் அனுப்புங்கள், இன்று இரவே சேர்த்துவிடுகிறேன்.