போட்ட யூரியா எங்க போகுது? நெல் இலைக்குள்ள இருக்குற ரூபிஸ்கோ

வயல்ல போடுற யூரியா இலைக்குள்ள போய் என்னவா ஆவுதுன்னு யாராவது கேட்டா நான் மொதல்ல சொல்ற பேரு ரூபிஸ்கோ. திருவையாறு பக்கம் எங்க ஊர்ல பயிர் கருகருன்னு ஏறுனா எல்லாம் பச்சையம்னுதான் நெனைப்பாங்க, பச்சையத்துலயும் நைட்ரஜன் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா நெல் இலைல இருக்குற மொத்த நைட்ரஜன்ல ஏறக்குறைய கால்வாசி இந்த ஒத்த என்சைமுக்குள்ளதான் இருக்கு. காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடை புடிச்சு அஞ்சு கார்பன் சர்க்கரையோட ஒட்ட வைக்கிறது இதுதான், நாம திங்குற சோத்துல இருக்குற கார்பன் அத்தனையும் இந்த வாசல் வழியா வந்தது.

லேப்ல இதை கண்ணாலயே பாக்கலாம். இலையை லிக்விட் நைட்ரஜன் ஊத்தி அரைச்சு, பஃபர்ல கரைச்சு, சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி, மேல தெளிஞ்சு நிக்கிற சாறை, புரதங்களை எடை வாரியா பிரிக்கிற ஜெல்ல ஓட்டி, புரதத்துக்கு நிறமேத்துற கூமாசி நீலம் போட்டா 55 கிலோடால்டன் (புரதத்தோட எடை அளவு) கிட்ட தடியா ஒரு பேண்ட், கீழ 15 கிட்ட இன்னொன்னு. தனியா பிரிச்செடுக்கவே வேணாம், அவ்ளோ இருக்கு. மேல இருக்குறது பெரிய சப்யூனிட், கீழ இருக்குறது சின்னது, எட்டு பெருசும் எட்டு சிறுசும் சேந்தாதான் ஒரு முழு ரூபிஸ்கோ. பெருசோட ஜீன் குளோரோபிளாஸ்டுக்குள்ளயே இருக்கு, சிறுசோட ஜீன் நியூக்ளியஸ்ல இருக்கு, அதனால சிறுசு வெளிய உருவாகி குளோரோபிளாஸ்டுக்குள்ள நுழைஞ்சு வந்து சேரணும், இதை சரியா மடிச்சு கோத்து வைக்க வேற பல புரதங்கள் வேணும். 2017லதான் செடியோட ரூபிஸ்கோவ ஈ.கோலை பாக்டீரியாக்குள்ள முழுசா உருவாக்க முடிஞ்சுது, அந்த உதவி புரதங்களோட ஜீன்களையும் கூடவே ஏத்துனதுக்கு அப்புறம். எனக்கு அது ரொம்ப பெரிய விஷயமா படுது, எந்த அமினோ அமிலத்தை மாத்துனா என்ன ஆகும்னு இனிமே வேகமா பாத்துரலாம்.

இதை சோம்பேறி என்சைம்னு எழுதுறது எனக்கு ஒத்துக்கல. செகண்டுக்கு மூணு தடவ போலதான் வேலை பாக்குது, நெசம்தான், கார்பன் டை ஆக்சைடுக்கு பதிலா ஆக்சிஜனையும் புடிச்சுருது, புடிச்ச கார்பன்ல கால்வாசி வரைக்கும் அப்படி வீணா போகும். ஆனா இது உருவான காலத்துல காத்துல ஆக்சிஜனே கெடையாது, பிரிச்சு பாக்க வேண்டிய அவசியமே அப்ப இல்ல. வெயில் ஏற ஏற இந்த நஷ்டம் கூடும், போதாக்குறைக்கு ரூபிஸ்கோவ வேலைக்கு தயார் பண்ற ஆக்டிவேஸ்ங்கிற புரதம் சூடு தாங்காது, குறுவைப் பயிர் மத்தியானத்துல இந்த ரெண்டு அடியையும் சேத்து வாங்குது. கரும்பும் மக்காச்சோளமும் ரூபிஸ்கோவ சுத்தி கார்பன் டை ஆக்சைடை குவிச்சு வச்சு இதுலேர்ந்து தப்பிச்சுருது.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். கதிர் பால் புடிக்கிறப்ப அடி இலை பழுக்க ஆரம்பிச்சதும் எங்க பக்கம் சில பேரு பயந்து போய் இன்னொரு கை யூரியா வீசுவாங்க. அந்த நேரத்துல செடி தானே ரூபிஸ்கோவ ஒடைச்சு அமினோ அமிலமாக்கி அந்த நைட்ரஜனை கதிருக்கு அனுப்பிட்டு இருக்கு. ஒரே செடியோட கண்ணாடி இலையையும் (கதிருக்கு ஒட்டி கடைசியா வர்ற உச்சி இலை) பழுத்த அடி இலையையும் பக்கத்து பக்கத்துல ஜெல்ல ஓட்டி பாத்தேன், கண்ணாடி இலைல அந்த 55 பேண்ட் அடர்த்தியா இருக்கு, அடி இலைல தேடித்தான் பாக்கணும். அது நோய் இல்ல, கணக்கு முடிச்சு மணிக்கு மாத்துறது. அப்ப போடுற யூரியா, சாறு உறிஞ்சுற புகையான் பூச்சியை கூப்பிடும், பயிரை சாய்க்கும்.

கண்ணாடி இலையே பழுத்தா அது வேற கதை, உடனே வேளாண் அலுவலரை பாருங்க. மத்தபடி தூர் கட்டுறதுலேர்ந்து பூக்குற வரைக்கும் இலை வண்ண அட்டைய (இலையோட பச்சைய ஒத்துப் பாக்குற அட்டை) வச்சு பாத்து உரம் போடுங்க, கடைசியா முழுசா விரிஞ்ச இலையத்தான் பாக்கணும், வெயிலுக்கு முதுகு காட்டி நின்னு நம்ம நிழல்ல வச்சு பாருங்க.