முதல் செமஸ்டரும் பத்தமடைக் கோரையும்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அடிப்படை வடிவமைப்பு நடத்துகிறேன். வகுப்பு தொடங்கியதும் வெள்ளை சார்ட்டில் கறுப்புப் புள்ளிகள், பிறகு கோடுகள், அப்புறம் சதுரம், வட்டம், முக்கோணம். அண்ணன் செய்ததையேதான் தம்பியும் செய்கிறான். சில சமயம் அண்ணனின் சார்ட்டையே கொண்டுவந்து நீட்டியும் விடுகிறான்.

இந்தப் பாடத்தின் ஊற்று, 1919-இல் ஜெர்மனியின் வைமர் நகரில் கட்டடக்கலைஞர் வால்டர் க்ரோப்பியஸ் தொடங்கிய பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளி. பட்டறைக்குள் நுழையுமுன் எல்லோரும் முடிக்க வேண்டிய தொடக்கப் பயிற்சியை யோஹன்னஸ் இட்டென் அங்கே வகுத்தார். 1933-இல் நாஜிகளின் நெருக்கடியில் பள்ளி மூடப்பட்டது. ஆசிரியர்கள் பலர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். பாடமும் கூடவே ஏறியது. பதினான்கே ஆண்டுகள் நடந்த ஒரு பள்ளி, தாமிரபரணிக் கரை வரைக்கும் இன்னும் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறது.

நம் நாட்டுக்கு அது வந்த கதை வேடிக்கையானது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-இல் இந்திய அரசுக்கு எழுதிக்கொடுத்த அறிக்கையில் மெச்சிப் பேசியது நம் வீட்டுச் சொம்பை. அதை ஒட்டித்தான் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. சொம்பு எங்கள் பாடத்திட்டம் வரை வந்து சேரவில்லை. முக்கோணம் வந்துவிட்டது.

பௌஹவுஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அங்கே மரம், துணி, கண்ணாடி என்று தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அங்கே ஆசிரியராக இருந்த ஜோசப் ஆல்பர்ஸ் செய்தித்தாளைக் கையில் கொடுத்து, துண்டு வீணாகாமல் ஏதாவது செய்யச் சொன்னார். கைக்குப் பழகிய பொருளிலிருந்து தொடங்கிய அந்தப் பாடத்தில் பொருள் வழியிலேயே நின்றுவிட, வடிவம் மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

நிறப் பயிற்சி நடந்த ஒரு மதியம், பத்தமடையிலிருந்து வரும் மாணவி சிவப்புத் தாளுக்கு அருகே மெல்லிய பச்சைக் கீற்று ஒன்றை ஒட்டினாள். ஏன் அவ்வளவு ஒல்லியாக என்று கேட்டேன். "பச்சை ஓர் இழை விட்டால் சிவப்பைத் தூக்கிக் காட்டும் சார். நாலு இழை விட்டால் சிவப்பைத் தின்றுவிடும். பாய் முடையும்போது பாட்டி சொல்வார்கள்." அண்டை நிறத்தைப் பொறுத்து ஒரு நிறம் வேறாகத் தெரியும் என்பதைத்தானே ஆல்பர்ஸ் 1963-இல் ஒரு பெரிய புத்தகமாகவே போட்டார்!

அந்தப் பெண் செமஸ்டர் முடிவில் பாயின் கரைக்கட்டுகளை வைத்து ஒரு தொகுப்பு செய்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "இது கைவினை, வடிவமைப்பு அல்ல" என்று ஒதுக்கிவிட்டார். குன்டா ஸ்டோல்ஸல், ஆனி ஆல்பர்ஸ் இருவரும் பௌஹவுஸ் தறியில் நெய்த பட்டைகளும் கட்டங்களும் மட்டும் நவீனம்! பாவும் ஊடையும் குறுக்கு நெடுக்காகப் போகும் இடத்தில் கட்டமும் பட்டையும்தான் எளிதாக விழும். அது பௌஹவுஸ் பிறகு குடியேறிய டெஸாவ் நகரம் ஆனாலும் பத்தமடை ஆனாலும். க்ரோப்பியஸின் பள்ளியிலும் பெண்களைப் பெரும்பாலும் தறிப் பக்கமே தள்ளிவிட்டார்கள் என்பது இன்னொரு கதை. தேர்வாளரிடம் வாதாடினேன். மதிப்பெண் ஏறவில்லை.

புள்ளிப் பயிற்சியை நான் நிறுத்தவில்லை. கண் பழக அது வேண்டும். ஆனால் முதல் வாரத்திலேயே மேசைக்குக் கோரைக் கட்டு வந்துவிடுகிறது. கீற வேண்டும், உள்ளே இருக்கும் மெத்தென்ற சோற்றுப்பகுதியை வழிக்க வேண்டும், ஊறப்போட்டுக் காயவைக்க வேண்டும். கட்டர் கத்தியை அழுத்தினால் கோரை பிளந்து கோணிக்கொள்கிறது. கையை இளக்கினால் நேராகப் போகிறது. ஸ்கேலைத் தேடும் பையன்கள்தான் அதிகம் திணறுகிறார்கள். பாடத்திட்டத்தில் கோரைக்கென்று மணிக்கணக்கு இல்லை. பதிவேட்டில் ‘கோடுகள்’ என்று எழுதிவைக்கிறேன்.