பண்ணை வீட்டுப் பள்ளிக்கூடங்கள்

முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்குக் கைமாறிய மலைநாடு தென் டிரோல். மக்களில் பெரும்பாலோர் ஜெர்மன் பேசுபவர்கள். முசோலினி ஆட்சி 1923 முதல் பள்ளிகளிலிருந்து ஜெர்மனை வகுப்பு வகுப்பாக அகற்றியது. ஊர்ப் பெயர்களை மாற்றினார்கள். கல்லறை வாசகத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. (செத்தவன் எந்த மொழியில் கிடந்தால் இவர்களுக்கு என்ன?)

மைக்கேல் கம்பர் என்ற பாதிரியாரின் தூண்டுதலில் பண்ணை வீடுகளில் ரகசியப் பள்ளிகள் முளைத்தன. கற்பித்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். பிடிபட்டால் அபராதம், சிறை. அப்படிக் கற்பித்த ஆங்கெலா நிக்கோலெட்டி சிறை சென்றார். காசநோயால் 1930இல் இறந்தபோது அவருக்கு வயது 25.

போராளி என்றதும் வாளேந்தியவரைத்தான் நமக்குக் காட்டுகிறார்கள். அரிச்சுவடியோடு போலீசுக்கு ஒளிந்து திரிந்த இந்தப் பெண்ணுக்கு அந்தப் பட்டம் கூடுதலாகவே பொருந்தும் என்பேன். இன்று அங்கே ஜெர்மன்வழிப் பள்ளிகள் சட்டப்படியே நடக்கின்றன, அதுவும் பொதுப் பணத்தில்.