என் கணனியில் ஓடிய சி நிரல் வாடியில் ஏன் குழம்பியது

திருக்கடலூரில் மீன் வாடி வைத்திருக்கும் என் மச்சானுக்கு இரண்டு வருடத்துக்கு முன் சி மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். சூரை எத்தனை கிராம், பாரை எத்தனை கிராம், அறக்குளா எத்தனை என்று அடித்தால் அன்றைய கணக்கை ஒரு கோப்பில் சேமித்து வைக்கும். வின்டோஸ் மடிக்கணனியில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. போன மாதம் உப்புக் காற்றில் அந்த மடிக்கணனி பழுதாகிவிட, ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணனி ஒன்றை (இனிமேல் வெறும் 'பை') வாங்கி 64 பிட் லினக்ஸ் போட்டு, அதே நிரலை அதில் கம்பைல் பண்ணி, அதாவது அந்தக் கணனி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றி, பழைய கோப்புகளையும் ஏற்றிக் கொடுத்துவிட்டு உப்புவெளிக்குத் திரும்பினேன். கம்பைலர் ஒரு பிழையும் சொல்லவில்லை.

பத்து மணிக்கெல்லாம் போன் வந்தது. "மச்சான், கடைசி நாள் நாப்பது வரவு அடிச்சது, இருபதுதான் காட்டுது. அதுவும் ஒவ்வொண்டும் கோடிக் கணக்கில."

நாற்பது சரியாக இருபதாகிறது என்றால் எங்கோ அளவு இரட்டிப்பாகியிருக்கிறது. போய்ப் பார்த்தேன். ஒரு வரவுக்கு நான் வைத்திருந்த ஸ்ட்ரக்டில், அதாவது சில தரவுகளை ஒன்றாகக் கட்டிய பொதியில், இரண்டே உறுப்புகள்: மீன் வகைக்கு ஒரு சார் (ஒரு பைட் அளவுள்ள வகை), எடைக்கு ஒரு லோங் (முழு எண் வகை). வின்டோஸில் லோங் 4 பைட், சார் 1 பைட், லோங்கை ஒழுங்கான இடத்தில் வைக்கச் சாருக்குப் பின்னால் கம்பைலர் விடும் வெற்றிடம் 3 பைட், ஆக மொத்தம் 8. 64 பிட் லினக்ஸில் லோங் 8 பைட், வெற்றிடமும் 7 ஆகிவிடும், மொத்தம் 16. நான் அந்த ஸ்ட்ரக்டை அப்படியே தூக்கிக் கோப்பில் எழுதியிருந்தேன். அதனால் பையில் ஒவ்வொரு வாசிப்பும் இரண்டு வரவுகளை ஒன்றாக விழுங்கியது. இரண்டாவது வரவின் எடை போய் 64 பிட் எண்ணின் மேல் பாதியில் உட்கார்ந்துகொள்ள, 12,500 கிராம் சூரை 53 லட்சம் கோடிக்கு மேல் போய்விட்டது.

லோங் குறைந்தது 32 பிட் (4 பைட்) இருக்க வேண்டும், அவ்வளவுதான் சி மொழியின் விதிகளை வகுக்கும் சி தரம் சொல்வது. மிச்சம் எல்லாம் நானாக நினைத்துக்கொண்டது. 1999ஆம் ஆண்டுத் தரத்திலேயே இன்ட்32_டி போன்ற அளவு நிச்சயமான வகைகள் வந்துவிட்டன. ஆனால் வகையை மாற்றினால் மட்டும் போதாது, வெற்றிடமும் பைட் வரிசையும் (எண்ணின் எந்தப் பைட் முதலில் வரும் என்பது) அப்படியே இருக்கின்றன. இப்போது எடையை நான்கு பைட்டாகப் பிரித்து, எண்ணின் மிகக் குறைந்த மதிப்புள்ள பைட்டை முதலில் வைத்து, ஒவ்வொன்றாக எழுதுகிறேன், வாசிக்கும்போதும் அதே ஒழுங்கில் கோர்க்கிறேன். பழைய கோப்புகளை மாற்ற ஒரு தனி நிரல் எழுத வேண்டி வந்தது. அப்புறம், வின்டோஸில் இப்படிப்பட்ட கோப்பை பைனரி என்று சொல்லித்தான் திறக்க வேண்டும். இல்லையென்றால் எழுதும்போது, வரி முடிவைக் குறிக்கும் 10 என்ற பைட் வரும் இடமெல்லாம் முன்னால் ஒரு 13 நுழைந்துவிடும்.

இதைத் திருத்தி ஓட்டினால் அடுத்தது. மீன் பெயர்கள் தமிழில் இருக்கும் கோப்பை வாசிக்கப் போன நிரல் திரும்பி வரவே இல்லை. எனக்கு மிகவும் உறைத்தது இதுதான், ஏனென்றால் ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவர் கண்ணில் இதன் பாதி படவே படாது. எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் 224 என்ற பைட்டில்தான் தொடங்கும். 'அ' என்றால் 224, 174, 133. சார் வகைக்குக் கழித்தல் குறி உண்டா இல்லையா என்பதைத் தரம் கம்பைலரிடமே விட்டுவிட்டது. இன்டெல் கணனியில் உண்டு, அங்கே 224 என்பது -32. பையில் இருப்பது போன்ற ஏஆர்எம் சிப்பில் ஓடும் லினக்ஸில் இல்லை, அங்கே 224 என்பது 224தான். சுழியத்தை விடச் சிறியதென்றால் தமிழ் என்று நான் எழுதிய சோதனை பையில் ஒருபோதும் உண்மையாகாது. கோப்பு முடிந்ததைச் சொல்லும் -1ஐயும் ஒரு சாரில் வாங்கியதால் அது 255 ஆகிவிட்டது, சுற்று எப்படி நிற்கும்? வாசிக்கும் எழுத்தை இன்ட் என்ற பெரிய எண் வகையில் வாங்கி, 128ஓ அதற்கு மேலோ என்று பார்த்தால் இரண்டு இடத்திலும் சரி.

எச்சரிக்கைகளைத் திறந்து வைத்திருந்தால் அந்தச் சோதனை எப்போதும் பொய் என்று ஜிசிசி என்ற கம்பைலர் பையிலேயே சொல்லியிருக்கும். இன்னொரு வழியும் உண்டு: சாரைக் குறியில்லாமல் எடு என்று ஜிசிசிக்குச் சொல்ல ஒரு தெரிவு இருக்கிறது, அதைப் போட்டு இன்டெல் கணனியிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். சிலர் இதற்கெல்லாம் #இஃப்டெஃப் என்ற நிபந்தனை வரிகளைப் போட்டு வின்டோஸுக்கு ஒரு வழி, லினக்ஸுக்கு ஒரு வழி என்று நிரல் முழுக்கப் பிரிப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. மேலே சொன்ன இரண்டு திருத்தத்துக்கும் அப்படி ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை. உண்மையிலேயே இயங்குதளத்தைப் பொறுத்த வேலைகளை மட்டும் ஒரே ஒரு கோப்பில் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் வாடிக்குப் போய், பையில் எழுதிய கோப்பை என் மடிக்கணனியில் திறந்து இருவருமாகப் பார்த்தோம். நாற்பது வரவு, சூரை 12,500.