இறுகிப்போன முன்சக்கர பேரிங்கை வீட்டிலேயே மாற்றிய அனுபவம்

வீல் பேரிங் திடீரென்று ஜாம் ஆகிவிடுவதில்லை. என்னுடைய நூறு சிசி பைக்கில் முதலில் வேகம் கூடும்போது முன்பக்கம் ஒரு உறுமல் கேட்டது. கொஞ்ச நாளில் மெதுவாகப் போனாலும் கரகரவென்று சத்தம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் லேசாக ஆட்டம் தெரிந்தது. ஒரு மாலை வீட்டுக்கு வந்து சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பைத் தொட்டேன், கை வைக்க முடியாத சூடு. அத்தோடு ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். முன்சக்கரம் ஓட்டத்தில் இறுகினால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். அந்த நிலையில் “பட்டறை வரைக்கும் மெல்ல ஓட்டிப் போயிடலாம்” என்ற நினைப்பே கூடாது.

காரணம் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மடிப்பாக்கத்துத் தெருவில் நின்ற தண்ணீரில் பைக்கின் ஹப் முழுதாக மூழ்கிக் கிடந்தது. ஹப்பின் இரு ஓரத்திலும் பேரிங், நடுவே வெற்றிடம். ஆயில் சீல் என்ற ரப்பர் வளையத்தைத் தாண்டி அதற்குள் புகுந்த தண்ணீர் சுலபத்தில் வெளியே வராது. கிரீஸோடு கலந்து பால் நிறமாகி, குண்டுகளையும் அவை ஓடும் பள்ளத்தையும் அரித்துக்கொண்டே இருக்கும். வாட்டர் சர்வீஸில் ஹப்புக்கு நேராக வாட்டர் கன்னைப் பிடித்து அடிப்பதும் இதே வேலையைத்தான் செய்யும்.

பேரிங் என்பது ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம், நடுவே குண்டுகள். அது இறுகிவிட்டால் சக்கரம் சுற்ற வேறு ஏதாவது வழுக்கியாக வேண்டும். உள்வளையம், சக்கரத்தின் நடுத்தண்டான ஆக்ஸிலின் மேல் சுற்றினால் ஆக்ஸில் தேயும். வெளிவளையம் ஹப்புக்குள் சுற்றினால் அலுமினிய ஹப்பின் துளை பெரிதாகி, புது பேரிங் அதில் நிற்காது. அதற்கு லேத்தில் கொடுத்து புஷ் என்ற உலோக வளையத்தை உள்ளே அடிக்க வேண்டும், இல்லையென்றால் புது ஹப். எனக்குத் தேய்ந்தது ஆக்ஸில்தான். விலை குறைந்த பொருள் போனதில் நிம்மதி.

நட்டைக் கழற்றியும் ஆக்ஸில் அசையவில்லை. துருவில் உள்வளையத்தோடு ஒட்டிப் பிடித்திருந்தது. துருவை இளக்கும் டபிள்யூடி 40 ஸ்ப்ரே அடித்து ஒரு இரவு ஊற விட்டேன். காலையில் ஆக்ஸிலின் தலையில் ரிங் ஸ்பேனர் போட்டு இருபக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பத் திருப்ப இளகியது. சுத்தியால் அடித்துத்தான் தீர வேண்டுமென்றால், நட்டை மரை முனையோடு சமமாகத் திருகி வைத்து, மேலே ஒரு மரத்துண்டை வைத்து அடிக்க வேண்டும். மரை நசுங்கினால் வேலை இரண்டாகிவிடும்.

சக்கரத்தைத் தரையில் போடாமல் ஹப்பின் விளிம்பு மரக்கட்டைகள் மேல் உட்காரும்படி வைத்தேன். இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஸ்பேசர் என்ற குழாய் இருக்கிறது. நீளமான பஞ்ச் கம்பியால் அதை ஒரு ஓரமாகத் தள்ளினால் எதிர்ப்பக்கப் பேரிங்கின் உள்வளைய விளிம்பு மயிரிழை தெரியும். அங்கே ஒரு அடி, எதிரே ஒரு அடி என்று சுற்றிச் சுற்றி அடிக்க வேண்டும். முதல் பேரிங் அப்படியே வெளியே வந்தது. இறுகிக் கிடந்த மற்றதுதான் பாடாய்ப் படுத்தியது. அடிக்க அடிக்க உள்வளையமும் குண்டுகளும் மட்டும் பிய்ந்து வந்தன. வெளிவளையம் ஹப்பிலேயே தங்கிவிட்டது. அதன் பின்னால், பேரிங் முட்டி நிற்கும் ஹப்பின் படி மறைத்துக்கொண்டிருப்பதால் பஞ்ச் கம்பியை எங்கே ஊன்றுவது? உளியால் குத்தினால் அலுமினியம் போய்விடும்.

சக்கரத்தோடு தெருமுனை வெல்டிங் பட்டறைக்குப் போனேன்.

“அண்ணே, ஹப்பு அலுமினியம். அதுல படாம வளையத்துக்கு உள்ள மட்டும் ஒரு சுத்து ஓட்டிக் குடுங்க.”

“தெரியும் தம்பி, லாரி ஹப்புக்கே இதானே பண்றோம். டயர் மேல ஈரச் சாக்கப் போடு.”

வளையத்தின் உட்புறத்தில் ஒரு சுற்று வெல்டிங். சூட்டில் வளையம் விரியப் பார்க்கும், ஆனால் ஹப் விடாது. அந்த நெருக்கத்தில் இரும்பு உள்ளேயே நசுங்கிவிடும். ஆறியதும் முன்பிருந்ததைவிடச் சிறியதாகச் சுருங்கும். அவர் சக்கரத்தைத் திருப்பி லேசாகத் தட்டினார். வளையம் தானாகத் தரையில் விழுந்தது. இதைவிடச் சுத்தமான வழியை நான் பார்த்ததில்லை.

பழைய பேரிங்கில் 6301 என்று பொறித்திருந்தது. 63 என்பது வரிசை, கடைசி 01 என்றால் உள்விட்டம் 12 மி.மீ. வெளிவிட்டம் 37, அகலம் 12. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தும் முக்கியம். இசட் இசட் என்றால் இருபக்கமும் தகட்டு மூடி, 2 ஆர்எஸ் என்றால் ரப்பர் சீல். தெருவில் தண்ணீர் தேங்கும் ஊரில் ரப்பர் சீல்தான் வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அதையே கேட்டு வாங்கினேன். ஆயில் சீலும் ஆக்ஸிலும் புதிது. போலி பேரிங்குகள் நிறையப் புழங்குவதால் பில் தரும் கடையில் மட்டும் வாங்குவது நல்லது.

பேரிங்கைப் பொருத்தும்போது அடி எந்த வளையத்தில் விழுகிறது என்பதுதான் கேள்வி. ஹப்புக்குள் இறுக்கமாக நுழைவது வெளிவளையம், ஆகவே அடி அதன் மேல்தான் விழ வேண்டும். உள்வளையத்தில் அடித்தால் அத்தனை அதிர்ச்சியும் குண்டுகள் வழியே போய், ஓடும் பள்ளத்தில் சின்னச் சின்னக் குழிகளை விழ வைக்கும். கண்ணுக்குத் தெரியாது. சில மாதங்களில் அதே உறுமல் திரும்பும், பழி பேரிங் மேல் விழும். அவசரத்தில் வேலை செய்யும் இடங்களில் உள்வளையத்தில் கம்பியை வைத்து அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். இதை நானே செய்ய நினைத்ததற்கு அதுதான் காரணம்.

பேரிங்குகளை இரவே ஃப்ரீசரில் வைத்தேன். ஹப்பை ஹாட் ஏர் கன்னால் பரவலாகச் சூடேற்றினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சொய்யென்று ஆவியாகும் சூடு போதும். 37 மி.மீ. அலுமினியத் துளை 70 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 0.06 மி.மீ. விரியும். கேட்கச் சிறிதுதான், ஆனால் பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் இறுக்கமே அந்த அளவுக்குள்தான் இருக்கிறது. முதல் பேரிங் பாதிக்கு மேல் கைவிரலாலேயே இறங்கியது. மீதிக்கு 27 சாக்கெட்டைக் கவிழ்த்து வைத்துத் தட்டினேன். அதன் விளிம்பு சரியாக வெளிவளையத்தில் மட்டும் உட்கார்ந்தது. படியில் போய் முட்டியதும் ‘டொப் டொப்’ என்றிருந்த சத்தம் ‘டங்’ என்று மாறும். அங்கே நிறுத்த வேண்டும்.

அடுத்து ஸ்பேசர். இதை மறந்துவிட்டு இரண்டாவது பேரிங்கை அடித்தால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும். துருவை எமரி பேப்பரால் தேய்த்து, முனை இரண்டும் நசுங்காமல் சமமாக இருக்கிறதா என்று பார்த்து வைத்தேன். ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது அந்த அழுத்தம் உள்வளையம், ஸ்பேசர், அடுத்த உள்வளையம் என்று நேராகக் கடந்து போக வேண்டும். ஸ்பேசர் இல்லையென்றாலோ தேய்ந்து குட்டையாகிவிட்டாலோ, நட்டு இரண்டு உள்வளையங்களையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கும், குண்டுகள் பக்கவாட்டில் நெரிபடும். இரண்டாவது பேரிங்கை அதன் உள்வளையம் ஸ்பேசரைத் தொடும் வரைதான் இறக்க வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு துளைக்குள் விரலை விட்டு ஸ்பேசரை ஆட்டிப் பார்த்தேன். கடகடவென்று ஆடினால் இன்னும் இறங்க வேண்டும். லேசான பிடிப்போடு நகர்ந்தால் போதும், அதற்கு மேல் ஒரு தட்டும் கூடாது.

மற்றதெல்லாம் வழக்கமான வேலை. ஆயில் சீலின் உதட்டில் கிரீஸ், புது ஆக்ஸிலில் மெல்லிய பூச்சு, ஸ்பீடோமீட்டர் கியரின் காதுகள் ஹப்பின் பள்ளத்தில் உட்கார வேண்டும். பிரேக் ஷூவில் மட்டும் கிரீஸ் விரல் படக்கூடாது. பிரேக் பிளேட்டில் உள்ள பள்ளம் ஃபோர்க்கின் கட்டையில் மாட்டியிருக்கிறதா என்பதைக் குனிந்து கண்ணால் பாருங்கள். மாட்டாவிட்டால் பிரேக் பிடித்ததும் பிளேட்டே சுழன்றுவிடும். நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சில் மேனுவல் அளவுக்கு இறுக்கி, வேளச்சேரி வரை போய் வந்து ஹப்பைத் தொட்டேன். வெயிலில் நின்ற சூடுகூட இல்லை.

அடுத்து பின்சக்கரம். அதை முழுதாகப் பிரித்து எண்களைப் படித்த பிறகுதான் பேரிங் வாங்கப் போகிறேன். செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் பக்கம் தனியாக இன்னொரு பேரிங் இருக்கும், அதன் அளவு வேறாக இருக்கலாம்.